புதன்கிழமைப் பல்

— இந்தப் பேப்பர்லேர்ந்து புதன்கிழமைய எடுத்துடுங்க. சனி, ஞாயிறு போதும். அப்புறம்தான் என் கையெழுத்து.

— வாரத்துல ஒரு சாயங்காலம் எம்பொண்ணோட நான் இருக்கறது உனக்கு அவ்வளவு உறுத்துதா?

— தெரியாமத்தான் கேக்குறேன், நீங்க எங்க இருக்கீங்க? எவனோ லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டான், ரிப்பேருக்கு வாங்கன்னு போன் வந்தா கிளம்பிடுறீங்க. பிள்ளை பக்கத்து வீட்டுல உக்காந்திருக்கு.

— ஒரே ஒரு தடவை. நீ கடையில உக்காந்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டி விடுற. எதிர்ல நிக்கிறவன் மட்டும் உன் கண்ணுக்குத் தெரியறதில்ல.

— கத்தாதீங்க. சுண்டு அந்த பெஞ்சுலதான் படம் வரைஞ்சிக்கிட்டிருக்கா. கோர்ட்டு கவுன்சிலிங் அம்மா பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க.

— சொல்லு, கேக்குறேன்.

— அவளோட முதல் பல் விழுந்தப்ப நான் இருந்தேன். நீங்க இல்ல. அது போதும்.

— எந்தப் பல்லு?

— கீழ்ப்பல்லு. போன மாசம், வியாழக்கிழமை காலையில. பல் தேய்க்கப் போனவ உள்ளங்கையில வச்சு நீட்டினா. 'அம்மா, உன்கிட்டதான் விழுந்துச்சு'ன்னா. டப்பியில பஞ்சு வச்சு எடுத்து வச்சிருக்கேன்.

— விளையாடாத.

— பல்லு விழுறதுக்கும் உங்க அனுமதி வேணுமா?

— அது புதன்கிழமையே விழுந்துடுச்சு. என் வீட்டுல. ஆப்பிளைக் கடிச்சா, சட்டையெல்லாம் ரத்தம். நான்தான் வாய் கொப்பளிக்க வச்சேன். பல்லை அவளே கையில பொத்தி எடுத்துட்டுப் போனா. சனிக்கிழமை பல்லு எங்கடான்னேன். தொலைஞ்சிடுச்சுப்பான்னு அழுதா.

— பொய்.

— அந்தச் சட்டை இன்னும் எங்கிட்டதான் கிடக்கு. கறை போகல.

— அதான் வேற சட்டையில வந்தாளா? பெயிண்ட் கொட்டிடுச்சுன்னா. ஏங்க, அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— எப்படிச் சொல்றது? நீ என் நம்பரை பிளாக் பண்ணி எத்தனை மாசம் ஆச்சு?

— அன்னைக்கு ராத்திரி வாயைத் திறக்கவே மாட்டேன்னா. ஒரு வாய்கூட சாப்பிடல. அங்க கண்டதையும் தின்னுட்டு வந்து நடிக்கிறியான்னு முதுகுல ஒண்ணு வச்சேன். அப்பவும் வாயைத் திறக்கலங்க.

— ஆப்பிளோட சரி. என் வீட்டுலயும் எதுவும் சாப்பிடல.

— ஆறு வயசுங்க அவளுக்கு.

— அழாத. பாக்குறா.

— நான் அழல.

— அப்போ புதன்கிழமை?

— இப்பப் போயி அதைக் கேக்குறீங்களே.

— இப்பக் கேக்காம? அந்தம்மா வந்துட்டாங்க. கண்ணைத் துடை, சுண்டு வரா. என்னடா தங்கம்?

— அப்பா, மேல்பல்லு ஆடுது. அம்மா, நீயும் பாரு. இது யாரு நாள்ல விழணும்னு அந்தப் பேப்பர்ல எழுதிட்டீங்களா?