மங்கல் படத்துக்கு இணங்காத மருத்துவர் சரோஜினிதேவி அவர்களுக்கு

அம்பிட்டிய மேட்டிலிருந்து நாள்தோறும் இறங்கிவந்து, கண்டியின் மழையையும் நெரிசலையும் கடந்து, எமது கதிரியக்கப் பிரிவின் மங்கிய அறையில் அமர்ந்து, மனித உடலுக்குள் மறைந்த நோயை மனந்தளராமல் தேடிய மாண்புடையவரே! கனிவிலும் கண்டிப்பிலும் எவருக்கும் குறைவு வைக்காத பெருமாட்டியே! இன்று பணி ஓய்வு பெறும் மருத்துவர் சரோஜினிதேவி கந்தையா அவர்களே, வணக்கம்!

ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தால், உடனே ஊசி குத்தித் திசு எடுப்பதே இங்கு வழக்கம். "முதல்லை படம், பிறகு ஊசி" என்றீர்கள் நீங்கள். மூளைக்கும் முதுகெலும்புக்குமே நேரம் போதாத எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் இவர்களுக்கும் இடம் கேட்டு நிருவாகத்தின் கதவைத் தட்டினீர்கள். களைத்தது கதவுதான். வியாழக்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்தன!

அப்படியொரு வியாழனில் மடுல்கெல்லையிலிருந்து கறுப்பையா வந்தார். தேயிலைத் தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து ஓய்ந்தவர். இரத்தப் பரிசோதனையில், இந்நோயின் ஐயத்தை எழுப்பும் பி.எஸ்.ஏ. அளவு ஏறிக்கொண்டே இருந்தது. இருமுறை ஊசி குத்தியும் ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு முறை குத்த விடமாட்டேன் என்றிருந்தார். அன்றைய படந்தான் அவருக்கிருந்த ஒரே வழி. அந்தப் படமோ, பார்க்கவேண்டிய இடத்திலேயே கறுப்புத் திட்டு விழுந்து சிதைந்து வந்தது.

"ரெண்டு ஊசியும் சுத்தந்தானே டொக்டர். பயப்பட ஒண்ணுமில்லன்னு எழுதிருவோமா?" என்றார் எங்கள் பயிற்சி மருத்துவர் இளங்கோ. வெளியே வரிசை நீண்டிருந்தது.

"எழுதினா மனுசன் மலையேறிப் போயிடுவார். பிறகு ஆர் தேடிப் பிடிக்கிறது, நீரோ?" என்று கேட்டபடியே நீங்கள் எழுந்தீர்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால், கறுப்பையாவின் இடுப்பில் அரைஞாண் கயிறு. அதிலிருந்து அடிவயிற்றுக்குச் சரிந்த ஒரு செப்புத் தாயத்து. படத்தில் கறுப்புத் திட்டாய் விழுந்தது அதுதான். உலோகம் உண்டா என்று நாங்கள் கேட்டபோது மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றித் தந்தவர், தாயத்தை உலோகத்தில் சேர்க்கவில்லை, சாமியில் சேர்த்திருந்தார். நாங்களும் கூச்சத்தில் இடுப்பைப் பார்க்கவில்லை. தவறு எங்களுடையது.

"இத மட்டும் கழட்ட மாட்டேன் தாயி. ரெண்டு ஊசியிலயும் என்னைய காப்பாத்துனது இதுதான்."

"காப்பாத்தினதோ மறைச்சதோ எண்டு பாத்திடுவம் ஐயா" என்றீர்கள். அவர் அசையவில்லை. நீங்களும்தான். வெளியே கதிரையில் காத்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாவை அழைத்து, நடந்ததைச் சொன்னீர்கள்.

அவர் கணவனை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டுனவளுக்கு அவுக்கத் தெரியாதா? வேற தாயத்து கட்டிக்கலாம். வேற புருசனுக்கு நான் எங்க போறது?"

முடிச்சு அவிழ்ந்தது. சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வரிசையில் இருந்தவர்களிடம் நீங்களே போய்ப் பொறுமை கேட்டு, பசி மறந்து, மீண்டும் படமெடுக்க வைத்தீர்கள். சுரப்பியின் முன்பக்கத்தில், முந்தைய ஊசிகள் எட்டாத மூலையில், சிறியதொரு கறை தெளிவாகத் தெரிந்தது. அதைக் காட்டி விளக்கியபின் கறுப்பையாவும் இணங்கினார். இம்முறை ஊசி குறிதவறாமல் அங்கேயே சென்றது. புற்றுநோய்தான்! ஆனால் சுரப்பியைவிட்டு வெளியே காலெடுத்து வைக்காத புற்றுநோய். சிகிச்சை முடித்து நலமடைந்த கறுப்பையா, இதோ, பேச்சியம்மாவுடன் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அயராத அம்மையாரே! இனியாவது மதியச் சோற்றைச் சூடு ஆறுமுன் உண்டு, உடல்நலமும் உள்ளமகிழ்வும் ஓங்க, உற்றார் சூழ நெடுங்காலம் வாழ்க! உங்களைப்போல் உழைப்போம் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம்: தெளிவில்லாத படத்தின் கீழ் 'ஒன்றுமில்லை' என்று இப்பிரிவில் எவரும் எழுதமாட்டோம். மறுபடி எடுப்போம். வரிசை எவ்வளவு நீண்டாலும் எடுப்போம்.

என்றும் உங்கள் அன்புக்கும் அதட்டலுக்கும் உரிய,
கதிரியக்கப் பிரிவின் மருத்துவர்கள், படப்பிடிப்பாளர்கள், தாதியர், சிற்றூழியர்
கண்டி