உறைந்த தோள்களை உயர்த்திய கரங்களுக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெருந்தகையீர்! எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவின் இணையற்ற தலைமையே! நோயாளிகள் நாவில் ‘தோள்பட்டை அக்கா’ என்றும், எங்கள் நாவில் வெறும் ‘அக்கா’ என்றும் வழங்கிவந்த வாஞ்சையின் வடிவே! வணக்கம்.

தலைவாரக் கை எழாமல், சட்டைக்குள் தோள் நுழையாமல், ஒருக்களித்துப் படுக்கவும் வழியின்றி உறக்கம் இழந்து, உள்ளம் சலித்துத் தங்களிடம் வந்தவர் எத்தனை எத்தனை பேர்! ஒத்தடத்தின் இளஞ்சூட்டில் இறுக்கம் தளர்த்தி, மேற்கை எலும்பை இரு கரங்களால் ஏந்தி, மூட்டுக்குள் இழையிழையாய் அதை நகர்த்தி, கல்லாய் இறுகிய தோள்களைக் கனிய வைத்த கரங்கள் தங்கள் கரங்கள். அவற்றின் பெருமையைப் பேசப் புகுந்தால் பொழுது போதாது. ஆகவே, நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் தங்கள் பணிநிறைவு விழாவாகிய இந்த அவையில் சொல்லி மகிழ்கிறோம்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்திருந்தார். வலத்தோள் உறைந்துபோனதால் ஸ்டியரிங்கை முழுதாய் வளைக்க முடியாமல், பணிமனை வாயிலில் காவலுக்கு உட்கார்த்தப்பட்டவர். வலியைவிட அந்த நாற்காலியே அவரை வாட்டியது. சிகிச்சையின்போது ஒருநாள் தாங்கள் வழக்கம்போல், “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணே” என்றீர்கள். அவர் வெடுக்கென்று எழுந்தார். “பொறுத்துக்கோன்னு சொல்றது சுலபம்மா! உங்க கைக்கு வந்தா தெரியும்!” என்று அறை அதிரக் கத்திவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்த சில மாதங்களில் தங்கள் இடத்தோளே உறைந்தது! சர்க்கரை உள்ளவர்களை இந்நோய் தேடி வரும் என்று எங்களுக்கு எடுத்துரைத்த தங்களையே அது தேடி வந்தது. எங்களிடம் மறைத்தீர்கள். தங்கள் வீட்டுக்காரர்தான் போட்டுடைத்தார்: “இவளுக்குத் தலை பின்னிவிடறது இப்ப நான்தாம்மா. கோணலைப் பாத்தாலே தெரியலையா?”

சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. “என் கையே எழலை. இனி யாரோட கையை நான் தூக்கிவிடப் போறேன்? வேலையை விட்டுடறேன்” என்றீர்கள். “ஊருக்கெல்லாம் தோள் பாத்துட்டு, எங்ககிட்ட மட்டும் காட்டாம போயிடுவீங்களாக்கா?” என்று வழிமறித்துக் கட்டிலில் படுக்கவைத்தோம். எங்களில் ஒருத்தி தங்கள் கையை மெல்ல வெளிப்புறமாகத் திருப்பினாள். தங்கள் முகம் சுருங்கியது. “கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா” என்றாள் அவள், பழக்க தோஷத்தில்.

“நிறுத்தும்மா!” என்று அலறினீர்கள். கண்ணில் நீர். எழுந்து உட்கார்ந்ததும் தாங்கள் கேட்டது இதுதான்: “அந்த டிரைவர் அண்ணன் நம்பர் இருக்கா?”

அப்போதே பேசினீர்கள். “அண்ணே, என் கைக்கும் வந்துடுச்சு. நீங்க சொன்னது சரிதான். வாங்க, ரெண்டு பேருமா சேர்ந்து பாக்கலாம்.” மறுநாள் காலையில் வந்து நின்றவர் தலை நிமிரவில்லை. “கோவத்துல சொன்னதும்மா. பலிக்கும்னு நினைக்கவே இல்லை.”

அதன்பின் எங்கள் அறை கண்ட காட்சியை என்னென்பது! அக்காவும் ஓட்டுநரும் அருகருகே நின்று, சுவரில் விரல்களால் நண்டுபோல் மேலே ஏறினார்கள். “உங்களைவிட ஒரு விரல் மேல போயிட்டேன்” என்பார் அவர். “குதிகாலைத் தூக்காதீங்கண்ணே, அது கணக்குல வராது!” என்பீர்கள் தாங்கள். ஒரே நாளில் உருகும் நோயல்ல அது. ஏறிய விரல்கள் மறுநாள் இறங்கியதும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் உண்டு. ஆயினும் அவர் மீண்டும் பேருந்தை எடுத்தார். தங்கள் தோளோ முழுதாய்த் திரும்பவில்லை. அந்தக் குறையோடுதான் இத்தனை காலமும் எங்களுடன் நின்றீர்கள். வலி தாங்காமல் நோயாளி மறுகையை உயர்த்தினால் நம் கை உடனே நிற்கவேண்டும் என்பது, அந்நாளில் தாங்கள் வகுத்து எங்கள் பிரிவில் இன்றும் நிலைக்கும் நெறி.

அன்புடையீர்! இனியாவது பரபரப்பின்றிப் பொழுது விடியட்டும். உடல் நலமும் உள்ள வளமும் உற்றார் துணையும் ஓங்க, நீடு வாழ்க! நிறைந்து வாழ்க!

நாளைக் காலை எங்கள் கதவருகே ஒருவர் தோளைப் பிடித்தபடி நின்று, “அக்கா இல்லையா?” என்பார். அவரை உட்காரவைத்து, தொடுவதற்கு முன்னால், “எங்க வலிக்குது, சொல்லுங்க” என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்போம்.

பிரிய மனமின்றி,
இயன்முறை மருத்துவப் பிரிவில் தங்கள் உடன் உழைத்தோர்