இரண்டு குளிர்காலம் தூங்கிய விதை

ஆமாம் ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். நம் மலையின் கடைசிக் காட்டுச் செர்ரி மரத்து விதைகளைக் குப்பையென்று கொட்டியவன் யார்? நான்தான். அதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

தலைமை ஏற்றிருக்கும் ஊர் மன்றத் தலைவர் அவர்களே, கைதட்டலையெல்லாம் எனக்கு முன்பே வாங்கிக்கொண்ட பெரியவர்களே, மர ஆலையிலிருந்து தூசி படிந்த உடுப்போடு வந்த அண்ணன்மார்களே, தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கும் தாய்மார்களே, வணக்கம்!

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பேக்கரி வேலையையும் பாதியில் விட்டேன். சிரியுங்கள், அதோ என் அம்மாவே சிரிக்கிறார். கடைசியில் நாற்றுப் பண்ணையில் சேர்ந்தேன். அங்கே பொறுப்பில் இருக்கும் அக்கா, கயிறு கட்டி அந்த மரத்தில் ஏறி, இருநூறு பழம் பறித்து, கொட்டைகளைத் தட்டுகளில் ஈரமணலுக்குள் புதைத்து வைத்திருந்தார். அந்தக் குளிர்காலத்திலேயே மரம் புயலில் சாய்ந்தது. வேரோடு சாய்ந்தது. ஒரு மலையின் வசந்தமே சாய்ந்தது!

வசந்தம் வந்தது. ஒரு முளைகூட வரவில்லை. அக்கா விடுப்பில் போயிருந்தார். வேறு நாற்றுப் போட எனக்கு அந்தத் தட்டுகள் வேண்டியிருந்தன. ஒரு கொட்டையை நகத்தால் கீறினேன், கல் மாதிரி இருந்தது. செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் கொட்டினேன்.

திரும்பி வந்த அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அது சாகலடா. இதுல பாதி ரெண்டு குளிர்காலம் தூங்கும். உனக்குத்தான் பொறுக்கல."

பொறுக்கவில்லை! ஒரு விதைக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை. இருந்த ஒரே மரத்தையும் சாய விட்டோமே, நமக்கு அந்தப் பொறுமை இருந்ததா?

மண்ணோடு கலந்த கொட்டைகளைத் தேடி எடுக்க முடியவில்லை, இன்னொரு குளிர்காலமும் போனது. இன்று காலை அந்த மண்மேட்டைப் பார்த்தேன். முப்பத்து நான்கு முளை! விரல் நீளம், இரண்டே இலை. அக்காவைக் கூப்பிட ஓடினேன்.

ஆனால் அந்த மண்ணைச் சாலை போட இந்த மன்றம் கொடுத்துவிட்டது. இன்று மாலை ஐந்துக்கு மண் அள்ள லாரி வருகிறது. ஒரே ஒரு நாள் தாருங்கள் தலைவரே.

"கடுதாசி எழுதிக் குடுப்பா, அடுத்த கூட்டத்துல பேசலாம்."

அடுத்த கூட்டத்துக்குள் அது சாலைக்கு அடியில் இருக்கும் தலைவரே! இப்போது அக்கா அந்த மண்மேட்டின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் எத்தனை நேரம் உட்கார முடியும்? முளையை மண்ணோடு அள்ள வேண்டும், வேர் அறாமல் அள்ள வேண்டும். டம்ளர் இருக்கிறதா, கிண்ணம் இருக்கிறதா? எடுத்து வாருங்கள்.

"டேய், சாப்பாட்டு டப்பா ஆகுமாடா?"

ஆகும் ஆலை அண்ணே, தாராளமா ஆகும்!

அதோ, லாரி மேடேறும் சத்தம். தலைவரே, கடுதாசி அப்புறம் எழுதுறேன். கேட்டவர்களுக்கு நன்றி, கூட வருகிறவர்களுக்கு வணக்கம். நான் இப்ப போகணும்.