மாப்பிள்ளைக்கு எட்டாத சுரம்

எனக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். மற்றபடி நான் தொந்தரவில்லாத ஆள். உட்காருங்கள். என் மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், சொந்தமாகக் குழு சேர்த்துப் பதிவு செய்த முதல் ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவற்றைப் பதிவு செய்தவன் நான்.

அதுவரை அடுத்தவர் குழுக்களில் மூலையில் கிதார் வாசித்தவர். தலைவரான அன்று கை நடுங்கிய நடுக்கத்தில் கட்டடமே ஆடியது. டிரம்ஸ்காரர் நிலநடுக்கமோ என்று வாசலைப் பார்த்தார். ஒரு தடவை வாசித்ததில் முன்பாதி தேறியது, இன்னொரு தடவையில் பின்பாதி. ஒலிநாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி இரண்டையும் ஒட்டினேன். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், அப்படி ஓர் ஒட்டு. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. ஒட்டிய இடத்தில், கிதார்க் கழுத்தின் இந்தக் கோடிச் சுரம் ஓயுமுன்னே அந்தக் கோடிச் சுரம் கிளம்பியது. நடுவில் கை தாவ நேரமே இல்லை, எந்தக் கையாலும் அதை வாசிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற மனிதர். என்ன வாசித்தோம் என்பது அவருக்கே நினைவில்லை.

"மச்சான், இத நானா வாசிச்சேன்?"

"பின்ன, எங்கம்மாவா வாசிச்சாங்க?"

நம்பிவிட்டார். ஊரும் நம்பியது. தட்டு விற்ற வேகத்தில் கடைக்காரர்களுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. எந்த மேடை ஏறினாலும் அந்த இடத்தைத்தான் கேட்டார்கள். அவருக்கு அது வரவில்லை. எப்படி வரும்? வீட்டில் விரல் இடுக்குகளில் தீப்பெட்டியைச் செருகி அகட்டினார், பிறகு மரக்கட்டையை. பார்த்துவிட்டு வெளியே வந்து சிரித்தேன் பாருங்கள், சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டு ஜன்னலில் போய் விழுந்தது.

இரண்டாவது தட்டில் வேண்டுமென்றே அப்படி வெட்டி ஒட்டினேன். மூன்றாவதில் நான் ஒட்டியதை வாசிக்கப் போனால் ஆக்டோபஸுக்கே சுளுக்கிக்கொள்ளும். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எனக்கு வாய்த்ததே இல்லை.

ஒருநாள் தங்கை ஸ்டூடியோவுக்கே வந்தாள். "அண்ணே, விரலுக்கு நடுவுல கீறி விட்டா கை நல்லா விரியுமாம். யாரோ ஒரு டாக்டர் செய்றேன்னு சொல்லியிருக்கார். இவரு படுக்கத் தயாரா இருக்காரு. என் தலைமேல கை வச்சுச் சொல்லு. அவரு நிஜமாவே அத வாசிச்சாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மூன்றாவது தட்டின் நாடா எதிரில்தான் சுழன்றுகொண்டிருந்தது. என் ஒட்டுகளிலேயே அழகான ஒட்டு அப்போதுதான் கடந்து போயிற்று.

அவள் தலையில் கை வைத்தேன். "வாசிச்சார்மா. என் காதால கேட்டேன்."

இப்போது அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கிதார் இதோ என் அலமாரி மேல். எப்போதாவது வந்து பழைய தட்டைப் போடச் சொல்வார். அந்த இடம் வரும்போது, "எப்படி வாசிச்சிருக்கேன் பாத்தீங்களா மச்சான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும் துடைத்துக்கொள்வேன். அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். நான் என் பெயரைக் கேட்டதே இல்லை.

தங்கை வீட்டுக்காரர் என்பதால்தான் இத்தனையும் செய்தேன். வேறு யாராவதாக இருந்தால், முதல் நாள் கை நடுங்கியபோதே எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.