பங்களாம்மாவின் பச்சை முடி

ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகும் மத்தியான பஸ். என் முன் சீட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொன்னார்:

"எங்க பங்களாம்மா தலைமுடி பச்சையாப் போயிருச்சுங்கக்கா."

"ஏந்தம்பி, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"அவுங்க ஊட்டு நீச்சல் குளத்தைப் பாத்துக்கறது நான்தானுங்க. தினமும் வலையில எலை அள்ளுவேன், பொழுது சாய குளோரின் போடுவேன். இந்த மழையில பாசி புடிச்சிருச்சு. மொளகுக் கொடிக்கு அடிச்ச மயில்துத்தம் மிச்சம் கெடந்துச்சுங்க. கொடியில பூசணத்தைக் கொல்லுதே, பாசியக் கொல்லாதான்னு ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன்."

"கொன்னுச்சா?"

"தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிருச்சுங்க. அம்மாவுக்கு நொம்ப சந்தோசம், தினமும் நீந்துனாங்க. அவுங்களுக்கு முழு நரைங்களா, நாலே நாள்ல துத்தம் முடியில ஏறிருச்சு."

"அட சாமி! வேலை போச்சா?"

நான் இறங்கும் இடம் அதற்குள் வந்துவிடுமோ என்று எனக்குப் பதைப்பு.

"நேத்து கூப்புட்டாங்க. நான்தானுங்கம்மா துத்தம் போட்டேன்னு ஒத்துக்கிட்டேன். தண்ணிய எறைச்சுட்டுப் புதுசா விட்டர்றேன்னேன். வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாமா?"

"பெங்களூர்ல இருக்கற அவுங்க அக்காளுக்குப் போட்டோ அனுப்புனாங்களாமா. அவுங்களுக்கும் முழு நரைதானாமா. சனிக்கிழமை வர்றாங்களாமா, அதுவரைக்கும் தண்ணிய மாத்தக் கூடாதாமா."