கடைசிச் சொட்டு யாருக்கு?

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே என்னைப் பேச அழைத்த மேயர் வெண்டல் ஓஸ்ட்பி அவர்களே! பனியைத் தள்ளி வழி உண்டாக்கி வந்து, முன்வரிசையில் கையுறையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! என் பேச்சு முடியுமுன்பே ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டத் தொடங்கிவிட்ட தாய்மார்களே! நம் ஊரின் ஒரே திரையரங்கத்துக்கு உரிமையாளரும், இன்று என் வழக்கின் எதிராளியுமான ஹார்லன் பிக்ஸ்பி அவர்களே! தொலைபேசி நிலையத்து சிக்னி ஹாகன் உங்களை வணங்குகிறேன்.

என்ன வழக்கு? சனிக்கிழமைகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடுகிற கார்ட்டூனை இனி நிறுத்தப் போகிறாராம் பிக்ஸ்பி. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தாயிற்று, ஓசியில் கிடைப்பதை அரங்கில் எவர் பார்ப்பார் என்கிறார். நான் கேட்கிறேன், வீட்டுக்குள் சிரிப்பதும் ஊரோடு சிரிப்பதும் ஒன்றா?

நம் கரடிக் கார்ட்டூனையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத் தூக்கத்துக்குக் கரடி படுக்கிறது. குழாய் சொட்டுகிறது, டொக். துணியைத் திணிக்கிறது, டொக். திருகி முறுக்குகிறது, அடுத்த அறையில் டொக். குழாய் வீங்கி, சுவர் வீங்கி, வீடே பூசணிக்காயாய் வீங்கி நிற்கிறது. அப்புறம் ஓர் அமைதி. ஒரு கண்ணை மூடுகிறது கரடி. மெல்ல மறு கண்ணையும் மூடுகிறது. அதன் பிறகல்லவா வருகிறது அந்தக் கடைசிச் சொட்டு! வருமா, வராதா, வந்தால் என்ன ஆகும் என்று நம்மை நாற்காலி நுனிக்கு நகர்த்துகிறதே, அந்த அமைதிக்காகவே அதை நான் காவியம் என்பேன்.

என்ன எமில்? "குழாய் அப்படியெல்லாம் வீங்காது" என்கிறீர்களா? கேட்டீர்களா, நம் பிளம்பர் எமில் டொலஃப்சன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வருடக்கணக்காக அரங்கில் அவர் இதைச் சொல்வதும், பக்கத்தில் அவர் மனைவி போர்கில்ட் அம்மையார் அவர் காலை மிதிப்பதும் நாம் கண்டதுதானே? இலையுதிர் காலத்தில் அந்த அம்மையார் மறைந்தார். அன்றிலிருந்து எமில் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்தார். வாயே திறக்கவில்லை.

என் தொலைபேசி இணைப்புப் பலகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விளக்கு; அந்த வீட்டார் அழைத்தால் எரியும். ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. சிரிக்காதீர்கள், மேயரே. நாள் முழுதும் இந்த ஊரை நான் இரண்டிரண்டு பேராகவே இணைக்கிறேன். நோய், சண்டை, சாவு எல்லாம் என் விரல் வழியே போகின்றன. ஊர் முழுவதையும் ஒரே குரலாக நான் கேட்பது அந்தக் கார்ட்டூனின்போது மட்டும்தான். எமிலின் விளக்கோ எரியவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஐயா.

போன சனிக்கிழமை என்ன நடந்தது? கரடி படுத்தது, சத்தம் செத்தது! பிக்ஸ்பி மேலே புரொஜக்டர் அறையில் எதையோ தட்டுகிறார், சபிக்கிறார், படம் ஊமையாக ஓடுகிறது. யாரோ ஒருவர் "டொக்" என்றார். அடுத்த சொட்டுக்கு ஐம்பது வாய். அதற்கடுத்ததற்கு அரங்கமே! கடைசியில் கரடி இரு கண்ணையும் மூடியது. கடைசிச் சொட்டு விழ வேண்டும். விழவில்லை! தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை எவரும் தொடாத மரியாதைக்கார ஊரல்லவா நம் ஊர்? அவர் போடட்டும், இவர் போடட்டும் என்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

பின்வரிசையிலிருந்து வந்தது, "டொக்."

எமில்! கூரை அதிரச் சிரித்தோமே, அழுதோமே, மறந்துவிட்டோமா?

திங்கட்கிழமை அவர் விளக்கு எரிந்தது. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "சிக்னி, பிக்ஸ்பி போனை எடுக்க மாட்டேங்கறாரு. வர்ற சனிக்கிழமையும் கரடிதானா?" என்று கேட்டார். ஊர்க்கூட்டத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன், பிக்ஸ்பி அவர்களே. எமில் இதோ காத்திருக்கிறார். என்ன பதில் சொல்ல?

எழுந்துவிட்டார், அமைதி, அமைதி! "போடறேன், சிக்னி. சத்தத்தையும் ரிப்பேர் பண்ணிடறேன்" என்கிறார்.

எமில் ஏதோ சொல்கிறாரே? உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

"ரிப்பேரெல்லாம் வேண்டாம், ஹார்லன். சத்தத்தை நாங்க பாத்துக்கறோம்."

இதற்குமேல் நான் பேசினால் கெட்டுவிடும். செவி தந்த அவைக்கு நன்றி, மனம் தந்த பிக்ஸ்பிக்கு நன்றி. சனிக்கிழமை சந்திப்போம், வணக்கம்!