இடப்பக்கக் கதவு

தென்காசி ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் எஞ்சினை நிறுத்துவதில்லை. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே புகைவிட்டுக்கொண்டிருக்கும். கல்லூரியில் படிக்கும்போதே இதைக் கவனித்திருக்கிறேன். நிறுத்தத் தெரியாமல் இல்லை, மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்ற சந்தேகம்தான்.

மாமா, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியும் என்று நினைத்தேன். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அகிலாவை எனக்குக் கொடுப்பதாகவும், ஆவணியில் தேதி பார்த்திருப்பதாகவும் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அவள் அக்கா பிரகதா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பதில் சொல்லும் முன் சிலவற்றைத் தெரிவித்துவிடுவது முறை.

பெட்ரோல் விலை ஏறிய அடுத்த வருஷம், அப்பாவின் பழைய அம்பாசிடரில் அந்தக் கருவியைப் பொருத்தினேன். இரண்டு ரிலே, ஒரு கண்டென்சர், கொஞ்சம் ஒயர். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருப்பவனுக்கு அது பெரிய வேலை இல்லை. சக்கரம் நின்று மூன்று வினாடி ஆனால் எஞ்சின் தானாக நிற்கும். கிளட்சை மிதித்தால் தானாக ஓடும். சாவியைத் தொட வேண்டாம். குற்றாலத்தில் சீசன் கூட்டத்தில் பேரருவி வரை ஊர்ந்து போன நாளில் எழுபது தடவை நின்று எழுபது தடவை ஓடியது.

உங்கள் வீட்டில் வைத்து நீங்கள் சொன்னது நினைவிருக்கும். “மாட்டுக்குக்கூட எங்கன நிக்கணும், எங்கன நடக்கணும்னு தெரியும் மாப்பிள்ளே. ஒங்க காருக்குத்தான் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிரகதாவுக்கு அது பிடிக்கவில்லை. எஞ்சின் நிற்கும்போதெல்லாம் டாஷ்போர்டைப் பிடித்துக்கொள்வாள். “நீங்க நிறுத்துனா பயமில்ல. அதுவா நிறுத்துது பாத்தீங்களா, அதான் ஒரு மாதிரியா இருக்கு” என்பாள்.

ஆளில்லாத கேட்டுகளில் நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். காரைத் தள்ளி நிறுத்துவேன். அவள் இறங்கித் தண்டவாளம் வரை போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையை அசைப்பாள். பிறகு வந்து ஏறிக்கொள்வாள். அவள் இறங்கியிருக்கும் நேரத்தில் கை கால் பட்டு வண்டி நகர்ந்துவிடக் கூடாது என்று இடப்பக்கக் கதவில் ஒரு சிறிய ஸ்விட்ச் வைத்தேன். அந்தக் கதவு திறந்திருந்தால் எஞ்சின் ஓடாது. அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் தாணுமாலயன் வேறொன்றும் வைத்தார். டாஷ்போர்டுக்கு அடியில் வெள்ளை பீங்கான் குமிழ் உள்ள ஸ்விட்ச். “இத ஒரு தட்டு தட்டுனா ஒங்க மிஷின் செத்துரும் சார், வண்டி பொழச்சிக்கிடும்” என்றார். நான் கேட்காமல் அவரே வைத்தது. பிரகதா அடிக்கடி அதைத் தட்டிவிடுவாள். அப்புறம் கருவி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தொரு நாள் யாரும் அதைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு, ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று உங்களிடம் வந்து சொல்வதாக இருந்தேன்.

“மாலை போட்டிருக்கீங்களாக்கும்” என்று சிரித்தாள். ஆனால் தொடவில்லை. சொன்னால் கேட்பாள்.

அன்று நாற்பதாம் நாள்.

வடகரையில் உங்கள் தங்கை வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இலஞ்சிக்கு உங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தோம். வளைகாப்புக்கு நாள் குறிக்க வேண்டும் என்றாள் பிரகதா. ஆறாவது மாதம். தோப்புக்கு நடுவே வரும் வண்டிப்பாதையில் அந்தக் கேட். மணி மூன்றரை இருக்கும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் அவள் இறங்கப் போனாள். நனைய வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். எஞ்சின் நின்றிருந்தது, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன். தென்னை ஓலைச் சத்தம் மட்டும் கேட்டது. கிளட்சை மிதித்தேன், ஓடியது, தண்டவாளத்தில் ஏற்றினேன்.

முன்சக்கரம் முதல் தண்டவாளத்தைத் தாண்டி ஜல்லியில் பதிந்துவிட்டது. பின்னால் விட்டு எடுக்கலாம் என்று கியரை மாற்றினேன். மூன்று வினாடி ஆகிவிட்டது போலிருக்கிறது. எஞ்சின் நின்றது. கிளட்சை மிதித்தேன். ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததாக எல்லோருக்கும் தெரிந்தது இது. நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். செங்கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்தது. அவளால் கதவைத் திறக்க முடியவில்லை. வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினார் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். “அந்தப் பிள்ள ரெண்டு கையாலயும் கதவப் புடிச்சி இழுத்துக்கிட்டே இருந்துது. கடைசி வரைக்கும் விடல.” அவர் பொய் சொல்லவில்லை.

இரண்டு வாரம் முன்புதான் தாணுமாலயன் அந்தக் கதவைக் கழற்றி மாட்டியிருந்தார். கதவு இறுகிப்போயிருந்ததா என்று போலீசார் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவர்கள் கேள்வி அப்படி இருந்தது. உங்கள் வீட்டு ஆட்கள் அவருடைய ஷெட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். இப்போது அவர்மேல் வழக்கு இருக்கிறது. ஷெட் பூட்டிக் கிடக்கிறது. ஆலங்குளத்தில் யாரோ ஒருவரின் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். போன மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். எழுந்து நின்று கும்பிட்டார். நான் என்ன செய்ய முடியும்? பஸ் கிளம்பிவிட்டது.

அந்தக் கதவு நன்றாகத் திறக்கும், மாமா. ஒரு விரலால் திறக்கலாம்.

எஞ்சின் ஓடாததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. சாரலில் கதவு ஸ்விட்ச் நனைந்து சரியாகப் படியவில்லை. கதவு திறந்திருக்கிறது என்று கருவி நினைத்துக்கொண்டிருந்தது. கதவை உள்பக்கமாக இறுக்கி இழுத்தால் ஸ்விட்ச் படியும். அப்போது வளைவில் விசில் கேட்டது. அங்கிருந்து கேட்டுக்கு வர நாற்பது வினாடி. பிறகு மூன்று நாள் போய் நின்று கணக்கெடுத்தேன்.

“எறங்கிரட்டுமாங்க?” என்று கேட்டாள்.

“வேண்டாம். தொறந்தா ஸ்டார்ட் ஆகாது. உள்பக்கமா இழுத்துப் பிடி” என்றேன். இரண்டு கையாலும் பிடித்தாள். ஆறுமுகநயினார் பார்த்தது அதைத்தான்.

நான் இறங்கி பானெட்டைத் திறந்து ரிலேயைத் தட்டினேன். பானெட் தூக்கியிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. “அந்த வெள்ளைய அமுக்கிரட்டுமா?”

அமுக்கியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். பாட்டரி நன்றாக இருந்தது. சாவியை ஒரு திருகு திருகியிருந்தால் போதும். தாணுமாலயன் அதை அதற்காகத்தான் வைத்திருந்தார்.

“இன்னும் ஒரு நாள்தான இருக்கு” என்றேன்.

அவள் குமிழைத் தொடவில்லை. கதவையும் விடவில்லை. ரிலேயில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அது நல்ல அறிகுறி. இனிக் கிளட்சை மிதித்தால் ஓடிவிடும் என்றே நினைத்தேன். இறங்கு என்று நான் சொல்லவில்லை. நான் விலகியது எனக்கு நினைவில்லை. விலகியிருக்கிறேன்.

இதை நீங்கள் வக்கீலிடம் காட்டலாம். தாணுமாலயன் பேரில் தவறில்லை. என்னால் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், நீங்களும் சொன்னீர்கள். பதினான்கு மாதமாக நானும் அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சத்தம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. தென்காசி கேட்டில் யாராவது எஞ்சினை நிறுத்தினால், அந்த அமைதியில் அவள் கேள்வி காதில் விழுகிறது. பதில் சொல்வதற்குள் யாராவது ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள்.

ஆவணித் தேதி எனக்குச் சம்மதம். அகிலாவுக்கும் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவள் அக்கா மாதிரியே சொன்னால் கேட்கிற பெண் என்று அத்தை எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இலஞ்சிக்கு வருகிறேன். வேறு கார் வாங்கிவிட்டேன். கருவியையும் அதில் பொருத்திவிட்டேன். பிழை ஒரே இடத்தில்தான் இருந்தது, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கதவு ஸ்விட்சுக்கு மழைத்தண்ணீர் படாதபடி ரப்பர் உறை போட்டாயிற்று. வெள்ளைக் குமிழ் இந்த வண்டியில் இல்லை, அது வீண் குழப்பம். மழையில் இருபத்தாறு நாள் ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அகிலாவிடம் மட்டும் சொல்லிவையுங்கள். இந்தத் தடவை கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.